டி அண்ட் டி இனங்களை ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் மாட் ஆக்குவது எப்படி? செதில் ஒட்டவில்லை, எல்ஃப் எல்லாம் அழிந்துவிட்டது

வெட்டாற்றங்கரை எழுதியது:

வணக்கம். கும்பகோணத்தில் நாங்கள் ஐந்து பேர். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நண்பன் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற கதை விளையாட்டு ஆடுவோம். மூன்று வருடமாக ஒரே கதை ஓடுகிறது, கதையை நடத்தும் டி.எம். நான்தான். கதை நடப்பது ஒரு பெரிய ஆறு பல கிளையாகப் பிரிந்து கடலில் சேரும் கழிமுகத்தில். எந்த ஊரைப் பார்த்து வரைந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. மேட்டுப் பகுதியில் மனிதர்கள், மேற்கே காட்டில் எல்ஃப், அலையாத்திக் காட்டுக்குள் பல்லி மனிதர்களான லிசார்ட்ஃபோக், எல்லோருக்கும் நடுவில் தண்ணீர்த் தகராறு.

இப்போது ஆசை என்னவென்றால், இந்த இனங்களை எல்லாம் ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் போட்டு, நாங்கள் கை வைக்காமல் நூறு இருநூறு வருடம் தானாக ஓடவிட்டு, யார் பிழைக்கிறார்கள், யார் யாரோடு சண்டைக்குப் போகிறார்கள் என்று பார்ப்பது. உலகத்தை உருவாக்கும்போதே அதன் வரலாற்றையும் ஓட்டிக் கொடுத்துவிடும் விளையாட்டு என்பதால் எனக்கு இதைவிட்டால் வேறு தோன்றவில்லை. உயிரினங்கள் எல்லாம் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான், நோட்பேடில் திறந்து மாற்றலாம், ப்ரோகிராமிங் தெரிய வேண்டாம், இப்படி மாற்றுவதற்குத்தான் மாட் என்று பெயர் என்றார்கள். இறங்கிவிட்டேன். இறங்கின பிறகுதான் ஆழம் தெரிகிறது.

முதலில் லிசார்ட்ஃபோக். ஐந்தாம் பதிப்பில் அதற்கு ஆர்மர் கிளாஸ் (காப்பு எண்) 15, ஹிட் பாயின்ட் (உயிர் எண்) 22, நீந்தும் வேகம் 30 அடி, 15 நிமிடம் மூச்சை அடக்கும். இதில் ஒன்றுக்காவது இங்கே நேரான டோக்கன் (ஃபைலில் எழுதும் கட்டளைச் சொல்) இருக்கிறதா என்று ஒரு ராத்திரி முழுக்கத் தேடினேன். அந்த 22ஐ எங்கேதான் எழுதுவது? கடைசியில் விளையாட்டின் குள்ளனான ட்வார்ஃபை அப்படியே காப்பி எடுத்து, பெயரை மாற்றி, உடம்பு அடுக்குகளைச் சொல்லும் வரியில் தோல் இருந்த இடத்தில் செதில் என்று போட்டேன். உலகம் உருவானது. ஆனால் பிழைகளைப் பட்டியலிடும் எரர்லாக் ஃபைல் முழ நீளத்துக்கு வந்திருந்தது. சோதனை மைதானத்தில் விட்டுப் பார்த்தால் ஒரு கோப்ளின் செம்புக் கத்தியை வீசினாலே கை தனியாக விழுகிறது. செதில் இருக்க வேண்டிய இடத்தில் எதுவுமே இல்லை போலிருக்கிறது.

அடுத்தது எல்ஃப். டி அண்ட் டி எல்ஃப் நூறு வயதுக்குப் பக்கத்தில்தான் தன்னைப் பெரியவன் என்று சொல்லிக்கொள்ளும், 750 வரை வாழும். அதனால் பிள்ளைப் பருவம் 100, ஆயுள் 750 என்று எழுதினேன். 150 வருட வரலாறு ஓட்டிப் பார்த்தால் எல்ஃப் ஊர் ஒன்றுகூட மிச்சமில்லை. மனிதர்களும் கோப்ளினும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அப்புறம் இந்த அலைன்மென்ட். நல்லவன், கெட்டவன், நடுநிலை என்று அங்கே ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது. இங்கே அதை எதில் சொல்வது? இந்தப் பக்கம் மாட் செய்து பழகினவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் கைதூக்கி விடுங்கள்.

சோத்துக்கட்சி எழுதியது:

தலைப்பில் மாட் என்று பார்த்துவிட்டு யாரோ மாடு விற்கிறார்கள் என்று உள்ளே வந்தேன். செதில், கோப்ளின் என்று போகிறது. சரி, வந்ததுக்கு உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்.

மதகடி எழுதியது:

தம்பி, மன்னார்குடிப் பக்கம் நான். பத்து வருடமாக இந்த விளையாட்டோடு மல்லுக்கட்டுகிறேன், ஸ்டீமில் படத்தோடு வந்த 2022க்கு முன்னால், எல்லாம் எழுத்தும் குறியுமாகவே இருந்த நாளிலிருந்து. டோக்கன் பெயர்களை இங்கே தமிழில் எழுதுகிறேன், ஃபைலில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடித்துக்கொள்.

ஹிட் பாயின்ட்டை முதலில் மறந்துவிடு. இங்கே உயிர் என்று ஒரு எண் கிடையாது. கத்தி செதிலைக் கிழிக்கிறதா, கொழுப்பைத் தாண்டுகிறதா, தசை அறுந்ததா, எலும்பில் நின்றதா, நரம்பு போனதா, எவ்வளவு ரத்தம் போகிறது, அந்தப் புண் பிற்பாடு சீழ் பிடிக்கிறதா, இப்படித்தான் ஒருவன் சாகிறான். உன் 22 சொல்வது ‘சாதாரண ஆளைவிடக் கொஞ்சம் தாங்கும்’ என்ற ஒரே ஒரு சேதியைத்தான். அந்தச் சேதியை மட்டும் எடுத்துக்கொண்டு எண்ணைத் தூக்கிப் போடு. அதை இங்கே சொல்ல முதல் இடம் உடல் அளவு. கன சென்டிமீட்டரில் எழுதுவார்கள். ட்வார்ஃப் 60,000, மனிதன் 70,000, கோபோல்ட் 20,000, யானை 50 லட்சம். டிராகன் இரண்டரைக் கோடி, ஆனால் அந்த அளவுக்கு வளர அதற்கு 1000 வருடம் ஆகும், அதையும் வயதோடு சேர்த்து அதே வரியில்தான் எழுதியிருப்பார்கள். உன் ஆளுக்கு 85,000 போடு, போதும்.

செதில் விஷயம். உன் விளையாட்டுக் கோப்புறையிலேயே முதலை இருக்கிறது, அது இருக்கிற ஃபைலைத் திற. அதில் மூன்று இடத்தில் செதில் வரும். முதலில் ஸ்டாண்டர்ட் மெட்டீரியல்ஸ் என்ற வரிக்குக் கீழே, முடியையும் தோலையும் நீக்கிவிட்டுச் செதில் என்கிற பொருளைச் சேர்ப்பார்கள். அடுத்து ஸ்டாண்டர்ட் டிஷ்யூஸ் வரிக்குக் கீழே அதே மாதிரி முடித் திசு, தோல் திசு இரண்டையும் நீக்கிச் செதில் திசுவைச் சேர்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் செதில், கொழுப்பு, தசை, எலும்பு, குருத்தெலும்பு என்று அடுக்கும் வரி. நீ முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் மாற்றியிருக்கிறாய். வாங்காத ஓட்டைக் கூரையில் அடுக்கச் சொன்னால் கொத்தனார் என்ன செய்வார்? மழை நேராக உள்ளே இறங்கும். உன் ஆளின் கை விழுவது அதனால்தான்.

இந்த மூன்றையும் சரி செய்தால் ஆர்மர் கிளாஸில் பாதி வந்துவிடும். இன்னும் கெட்டியாக வேண்டும் என்றால் உனக்கென்று தனிச் செதில் பொருள் ஒன்று எழுது. வெட்டுக்கு ஷியர் எண்கள், அடிக்கு இம்பாக்ட் எண்கள், இரண்டும் தனித்தனி. கத்தி ஏறாத ஆனால் தடியடிக்கு நொறுங்குகிற செதில்கூடச் செய்யலாம். ஆர்மர் கிளாஸ் 15 என்ற ஒற்றை எண்ணில் அந்த வித்தியாசம் வராது, இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

ட்வார்ஃபைக் காப்பி எடுத்தேன் என்றாய் பார், அங்கே இன்னும் நாலு கண்ணிவெடி இருக்கிறது. ட்வார்ஃபுக்கு ஆல்கஹால் டிபென்டன்ட் என்று ஒரு டோக்கன் உண்டு, சாராயம் கிடைக்காவிட்டால் வேலை மந்தமாகிவிடும். கேவ் அடாப்ட் என்று இன்னொன்று, பல நாள் பூமிக்குள் இருந்துவிட்டு வெயிலுக்கு வந்தால் வாந்தி எடுப்பான். இரண்டையும் எடுக்காவிட்டால் உன் சதுப்பு நிலத்து ஆள் காலையில் கரையேறி வாந்தி எடுத்துக்கொண்டு டாஸ்மாக் எங்கே என்று நிற்பான். தாடி மீசைக்கும் ட்வார்ஃப் ஃபைலில் தனி வரிகள் உண்டு. முடியை நீக்கும்போது அவற்றையும் சேர்த்து நீக்கு, இல்லாவிட்டால் எரர்லாக் மறுபடி நீளும்.

உடல் வெப்பம் இன்னொன்று. ஹோமியோதெர்ம் 10067 என்று ஒரு வரி இருக்கும். இந்த விளையாட்டுக்குச் சொந்த வெப்ப அளவு, ஃபாரன்ஹீட்டோடு 9968 கூட்டினால் வரும். அதாவது தண்ணீர் உறைவது சரியாக 10000இல், ட்வார்ஃப் உடம்பு 99 டிகிரி. குளிர் ரத்தப் பிராணிக்கு அந்த வரியே வேண்டாம்.

15 நிமிட மூச்சு. அதற்கு டோக்கன் இல்லை, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீரிலும் நிலத்திலும் மூச்சு விடும் அம்பிபியஸ் இருக்கிறது, மூச்சே வேண்டாத நோபிரீத் இருக்கிறது, ரெண்டும் இல்லாமல் விட்டால் மூழ்கிச் சாகிற சாதாரணப் பிராணி. நடுவில் எதுவும் கிடையாது. நான் அம்பிபியஸும், பிறவியிலேயே நீந்தத் தெரிந்ததற்கான ஸ்விம்ஸ் இன்னேட்டும் போடுவேன். அணைக்கரையில் கொள்ளிடத்து முதலையைப் பார்த்திருப்பாய். மூக்கு நுனி மட்டும் வெளியே தெரியும், அப்புறம் அதுவும் தெரியாது, நாம் டீ குடித்து முடிக்கிற வரைக்கும் தெரியாது. எத்தனை நிமிடம் என்று யார் கடிகாரம் பார்த்தார்கள்? உள்ளேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

இந்த ஒரு டோக்கனால் ஆட்டமே மாறிவிடும், அதைத்தான் நீ யோசிக்க வேண்டும். தண்ணீர் ஆழம் இங்கே 1 முதல் 7 வரை. 4 அல்லது அதற்கு மேல் போனால் ட்வார்ஃப் தானாக அதில் இறங்க மாட்டான். உன் ஆள் இறங்கிப் போய்க்கொண்டே இருப்பான். சதுப்பு நிலத்தில் கோட்டை போட்டால் தோண்டின இடமெல்லாம் ஊற்று, நம்ம ஊரில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பக்கவாட்டில் கசியுமே, அப்படி. ட்வார்ஃப் ஆடுகிறவன் அதைப் பார்த்து அலறுவான். உனக்கு அது வாசல் தெளிக்கிற தண்ணீர் மாதிரி. பூமிக்குள் பாறைத் தரையில் பயிர் வைக்கவும் முதலில் தண்ணீரைப் பாய்ச்சி வடியவிட்டு, அது விட்டுப்போகிற சேற்றில்தான் பாத்தி போட முடியும். மதகு, லிவர், வாய்க்கால் எல்லாம் இருக்கிறது. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறப்பார்களா என்று செய்தி பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கடைசியாக ஒன்று. அந்த இனத்தை நீயே கோட்டை கட்டி ஆட வேண்டும் என்றால் நாகரிகங்களைச் சொல்லும் என்டிட்டி ஃபைலில் சைட் கன்ட்ரோலபிள் போட வேண்டும். மாற்றம் எது செய்தாலும் புது உலகம் உருவாக்கிப் பார், பழைய உலகத்துக்குள் புது இனம் வந்து சேராது.

சோத்துக்கட்சி எழுதியது:

இந்த விளையாட்டில் நெல் இருக்கிறதா அண்ணே?

மதகடி எழுதியது:

இருக்கிறது. அரைத்தால் மாவு, காய்ச்சினால் பீர். சோறு என்று ஒரு பண்டம் கிடையாது. சமையலறையில் பிஸ்கட், ஸ்டூ, ரோஸ்ட் மூன்றுதான் வரும்.

சோத்துக்கட்சி எழுதியது:

நெல்லை வைத்துக்கொண்டு பிஸ்கட் சாப்பிடுகிறார்கள். விளங்கிடும்.

பூம்புகார்க்காரி எழுதியது:

செதிலை மதகடி அண்ணன் பார்த்துக்கொண்டார், நான் எல்ஃபுக்கும் அலைன்மென்ட்டுக்கும் வருகிறேன். சாகுபடியில் விதைநெல் கணக்குத் தப்பினால் என்ன ஆகுமோ அதுதான் உங்கள் எல்ஃபுக்கு ஆனது. நீங்கள் ஓட்டியது 150 வருடம். உலகம் தொடங்கும்போது இருந்த பெரியவர்கள் பிள்ளை பெற்றிருப்பார்கள், ஆனால் அந்தப் பிள்ளைகள் நூறு வருடத்துக்குப் பிள்ளைகளாகவே இருந்திருக்கும். அதற்குள் ஒரு போர், ஒரு பூத மிருகம் வந்து முதல் தலைமுறையைக் காலி செய்தால் அடுத்து ஈட்டி பிடிக்க ஆளில்லை, அடுத்த பிள்ளை பெறவும் ஆளில்லை. டி அண்ட் டியில் அந்த நூறு வயது ஒரு மரியாதைக் கணக்கு, ஊரில் கல்யாணம் ஆகும்வரை பையனைச் சின்னப்பிள்ளை என்பார்களே, அந்த மாதிரி. உடம்பு வளர்ந்துவிட்டிருக்கும். இங்கே அந்த டோக்கன் உடம்பைத்தான் கேட்கிறது. மனிதனுக்கு இருப்பதையே போடுங்கள். ஆயுளைப் பொறுத்தவரை இந்த விளையாட்டின் சொந்த எல்ஃபுக்கு முதுமைச் சாவே கிடையாது, மேக்ஸ்ஏஜ் வரியை எடுத்துவிட்டால் போதும்.

அலைன்மென்ட் என்று ஒன்று இங்கே இல்லை, எனக்கு அதில் சந்தோஷம்தான். அதற்குப் பதிலாக எதிக் என்று ஒரு வரிசை. கொலை, திருட்டு, பொய், சித்திரவதை, அடிமை, மரம் வெட்டுவது, பேசும் பிராணியைத் தின்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்கும், நீங்கள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். சரிதான், நினைத்தே பார்க்கக் கூடாது, ஊரைவிட்டுத் தள்ளிவை, அவரவர் விஷயம், மாட்டிக்கொள்ளாவிட்டால் நியாயம், இப்படி. விளையாட்டின் எல்ஃபைப் பாருங்கள். செடியைக் கொல்வதை நினைத்தே பார்க்க மாட்டார்கள், ஆனால் போரில் தாங்கள் கொன்றவனைச் சமைத்துத் தின்பதில் ஒரு குற்றமும் காண மாட்டார்கள். இவர்களை நல்லவர் என்பீர்களா கெட்டவர் என்பீர்களா? இரண்டு நாகரிகங்களின் பதில்கள் எவ்வளவு மாறுபடுகிறதோ அவ்வளவு சண்டை வரும். உங்கள் லிசார்ட்ஃபோக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், புத்தகம் நடுநிலை என்று எழுதிவிட்டு, பிடிபட்ட ஆளை விருந்தில் சாப்பிடுவார்கள் என்றும் எழுதுகிறது. அந்த ஈட் சேப்பியன்ட் கில் வரியில் ‘சரிதான்’ போடுங்கள். திருட்டுக்கும் பொய்க்கும் உங்கள் மேசையில் மூன்று வருடமாக அவர்கள் எப்படி நடந்துகொண்டார்களோ அதை எழுதுங்கள். அது உங்களுக்குத்தான் தெரியும்.

பெயரும் ஒரு வேலை. லிசார்ட்ஃபோக் என்றே விடப் போகிறீர்களா? நேம் டோக்கன் ஒருமை, பன்மை, அடைமொழி என்று மூன்று வடிவம் கேட்கும். உடும்பன், உடும்பர், உடும்ப என்று பொருந்திப் போகிறது. ட்வார்ஃபுக்குச் சித்திரக்குள்ளர். கோப்ளினுக்குக் குறளி, வித்தைக்காரன் ஏவல் செய்கிற குறளி. எல்ஃபுக்குத்தான் நம்மிடம் சொல் இல்லை, தேவதை என்றால் கோவிலுக்குப் போய்விடும், வனத்தார் என்று நான் வைத்திருக்கிறேன், அவ்வளவாகத் திருப்தி இல்லை. விளையாட்டு பழைய 437 எழுத்துத் தொகுப்பில் ஓடுகிறது, தமிழ் எழுத்து அதில் வராது, ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்க வேண்டியதுதான்.

மொழி ஃபைல் என்று தனியாக இருக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேல் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த இனத்தின் சொல்லை எழுத வேண்டும். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாம் அதிலிருந்துதான் வரும். நான் தமிழில் ஒன்று எழுதத் தொடங்கி முந்நூறு சொல்லில் நிற்கிறேன். ஏன் நின்றேன் என்றால், விளையாட்டு இரண்டு சொல்லை எடுத்து அப்படியே ஒட்டிவிடும், சந்தி தெரியாது. நீர்க்கோட்டை வர வேண்டிய இடத்தில் நீர்கோட்டை, புலிப்பல் வர வேண்டிய இடத்தில் புலிபல். எனக்குத் தமிழ் எடுத்த டீச்சர் பார்த்தால் முழு உலகத்தையும் சிவப்பு மையால் அடிப்பார். வல்லினத்தில் தொடங்காத சொற்களாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். வயல், மணல், நாணல், அலை, மலை, ஊர். அந்த உலகத்தில் எல்லா ஊரும் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிற ஊர் மாதிரி இருக்கிறது.

மாடை வெளியே பதிவேற்றப் போகிறீர்கள் என்றால் மட்டும் ஒரு கவனம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1ஐ 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்துவிட்டார்கள், பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். லிசார்ட்ஃபோக், அவுல்பியர், ரஸ்ட் மான்ஸ்டர் எல்லாம் அதற்குள் இருக்கிறது. பிஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர், யுவான்டி, டிஸ்ப்ளேசர் பீஸ்ட் கிடையாது. அவை வேண்டுமானால் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டாற்றங்கரை எழுதியது:

மதகடி அண்ணே, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மூன்று மணி வரை உட்கார்ந்தேன். முதலையைப் பார்த்து எழுதியதும் எரர்லாக் காலி, ஒரு வரிகூட இல்லை, அதைத் திறந்து வெறும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மைதானத்தில் அதே கோப்ளின், அதே செம்புக் கத்தி. செதிலில் கீறல் விழுந்தது, கொழுப்பில் நின்றது. உடும்பன் திரும்பிக் கையைக் கடித்தான், விடவில்லை. கடித்த இடத்தைப் பிடித்துக்கொண்டு உலுக்கினான், அது சண்டைப் பதிவில் வரி வரியாக வந்தது. உடும்புப்பிடி என்று நான் எந்த டோக்கனும் எழுதவில்லை.

எங்கள் மேசையில் அடுத்து பெரிய மிருகங்கள் வேண்டும் என்கிறார்கள். அவுல்பியரும் ரஸ்ட் மான்ஸ்டரும் செய்யலாமா?

தாராசுரம்_தூண் எழுதியது:

ரஸ்ட் மான்ஸ்டரை விட்டுவிடு. எதிரி கையில் இருக்கிற இரும்பைத் துருப்பிடிக்க வைக்க ரா ஃபைலில், அதாவது நீ திருத்துகிற டெக்ஸ்ட் ஃபைலில், டோக்கன் கிடையாது, டிஎஃப்ஹேக் என்ற வெளி நிரல் போட்டு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். துரு இல்லாத ரஸ்ட் மான்ஸ்டர் வெறும் கரப்பான்பூச்சி. அவுல்பியர் சுலபம், கரடியை எடுத்துத் தலையில் அலகும் உடம்பில் இறகும் வைத்தால் முடிந்தது.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி. இந்த அவுல்பியர், ரஸ்ட் மான்ஸ்டர், புலெட் மூன்றும் எங்கிருந்து வந்தன தெரியுமா? டி அண்ட் டியை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் கடையில் வாங்கிய, ஹாங்காங்கில் செய்த மலிவு பிளாஸ்டிக் பொம்மைப் பொட்டலம். என்ன மிருகம் என்றே தெரியாத பொம்மைகள், அதற்கு அவர் பெயர் வைத்துக் குணம் வைத்தார். நல்ல வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் உனக்கு ஏழு நிமிட பஸ் தூரத்தில் ஐராவதேசுவரர் கோவில் இருக்கிறது, தூணுக்குத் தூண் யாளி. நீ போய் அந்த அமெரிக்கப் பொம்மையைத் தேடுகிறாய்.

யாளி இந்த விளையாட்டுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. நாலு கால் உடம்பு, வால், தும்பிக்கைக்குத் தனி உடல் டோக்கன் யானையிலேயே இருக்கிறது, சிங்கத்தின் நகத்தை எடுத்துக்கொள். நான் இதை எழுத உட்கார்ந்தபோது ஒரு விஷயத்தில் மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கோவிலுக்கே போனேன். அளவு எவ்வளவு? முகமண்டபத்தில் தூணின் அடியில் உட்கார்ந்திருக்கிற யாளியின் முன்னங்காலில் நகங்கள் உள்ளே மடிந்திருக்கின்றன, பூனைக்கு மாதிரி. தும்பிக்கை சுருண்டு வாய்க்குள் போகிறது. காது யானைக் காது இல்லை, சின்னது. முதுகில் தூணையே சுமக்கிற மிருகம் புலி அளவில் இருக்க முடியாது என்று முடிவு செய்து 20 லட்சம் போட்டேன், யானையில் பாதிக்கும் குறைவு. நகம் மடிகிறது என்பதற்கு டோக்கன் கிடையாது, எனக்கு மட்டும் தெரியும், போதும்.

அதே கோவிலில் ஒரு காளையும் ஒரு யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்கிற சிற்பம் ஒன்று இருக்கிறது, ஒரு பக்கத்தை மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. அதையும் செய்யலாம் என்று ஒரு வாரம் கெட்டேன். ஒரு கழுத்தில் இரண்டு தலை வைக்கலாம், ஒரு தலையில் இரண்டு உடம்பு வைக்க உடல் டோக்கன்கள் இடம் தரவில்லை. சிற்பி ஜெயித்துவிட்டான்.

யாளிக்கு ஸ்டீம் பதிப்பில் படம் வேண்டுமானால் 32க்கு 32 பிக்ஸல் சதுரங்களில்தான் வரைய வேண்டும். அதற்குள் தும்பிக்கையைச் சுருட்டுவது கல்லில் சுருட்டுவதைவிடக் கஷ்டம்.

பூம்புகார்க்காரி எழுதியது:

கோவில் வரைக்கும் போனவர் எங்கள் ஊருக்கும் வந்துவிட்டுப் போகலாமே. சிலப்பதிகாரத்துப் புகாரில் சதுக்கப் பூதம் இருக்கிறது, பொய்ச்சாட்சி சொல்கிறவனையும் புறங்கூறுகிறவனையும் பாசத்தால் கட்டி அடித்துத் தின்னும், அதன் குரல் நாலு காதத்துக்குக் கேட்கும். குரலையும் பாசத்தையும் இன்டராக்ஷன் டோக்கனில் செய்துவிட்டேன். ஆனால் பொய் சொன்னவனை மட்டும் பார்த்துப் பிடி என்று அதற்குச் சொல்ல முடியவில்லை. என் பூதம் இப்போது சதுக்கத்தில் நின்றுகொண்டு வருகிறவன் போகிறவன் எல்லோரையும் தின்கிறது.

சோத்துக்கட்சி எழுதியது:

எல்லோரும் பொய் சொல்லியிருப்பார்கள் அக்கா. பூதம் சரியாகத்தான் வேலை செய்கிறது.

வெட்டாற்றங்கரை எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். 200 வருட உலகம் ஒன்று நன்றாக வந்துவிட்டது. வனத்தார் பிழைத்துவிட்டார்கள், ஒன்பது ஊர். உடும்பருக்கும் அவர்களுக்கும் நாற்பது வருடமாகப் போர், நான் தண்ணீருக்காக இருக்கும் என்று நினைத்தேன், பார்த்தால் உடும்பர் மரம் வெட்டியதற்காக. யாளி ஒன்று 112ஆம் வருடத்தில் ஒரு மனித ஊரையே காலி செய்துவிட்டு, ஒரு கிழவி எறிந்த ஈட்டியில் செத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிழவியைக் கதைக்குள் கொண்டுவரப் போகிறேன், பையன்களிடம் சொல்லவில்லை.

அப்புறம் நானே உடும்பர் கோட்டை ஒன்று சதுப்பில் போட்டேன். பாத்திக்குத் தண்ணீர் விட மூன்று மதகு, மூன்று லிவர். எந்த லிவர் எந்த மதகு என்று குறித்து வைக்கவில்லை. ஐப்பசி மாதிரி ஒரு மழைக்காலத்தில் ஒன்றை இழுத்தேன், சந்தை நடக்கிற மண்டபத்துக்குள் ஆறு வந்துவிட்டது. ஆழம் 7. என் ஆட்கள் தலைக்கு மேல் தண்ணீரோடு மூட்டை தூக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள், ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. மூழ்கியது வியாபாரத்துக்கு வந்த மனிதர்களும் அவர்களுடைய கழுதைகளும்தான். சரக்கு மட்டும் மிதந்தது என்று சொல்ல ஆசை, அதுவும் தரையிலேயே கிடந்தது. அடுத்த வருடம் வண்டி வரவில்லை.

மதகடி எழுதியது:

ரெண்டாவது லிவரை இழு. அதுதான் வடிகாலாக இருக்கும்.

வெட்டாற்றங்கரை எழுதியது:

இழுத்தேன் அண்ணே. அது மூன்றாவது மதகு.